இடது ஓரம்

என் அண்ணன் ஒரு இடத்தை ஒரு தடவை படம் எடுத்துவிட்டு வருகிற ஆள் இல்லை. மூன்று கால் ட்ரைபாடில் கேமராவைப் பூட்டி, அது இம்மிகூட அசையாமல் பார்த்துக்கொண்டு, ஒரே காட்சியை ஐந்து தடவை எடுப்பான். முதல் படத்தில் எல்லாம் கன்னங்கரேலென்று இருக்கும். சூரியனைச் சுற்றியிருக்கும் மேகம் மட்டும் அழகாக விழுந்திருக்கும். கடைசிப் படத்தில் வானம் வெறும் வெள்ளைத்தாள், ஆனால் பாறை இடுக்கில் முளைத்திருக்கும் புல்லை எண்ணிவிடலாம். நம் கண் ஒரே பார்வையில் வாங்கிக்கொள்கிற வெளிச்சத்தையும் இருட்டையும் கேமராவால் ஒரே தடவையில் வாங்க முடியாது. அதனால் ஐந்தையும் கம்ப்யூட்டரில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, மேகத்தை இதிலிருந்து, பாறையை அதிலிருந்து, தண்ணீரை இன்னொன்றிலிருந்து எடுத்து, ஒட்டுப் போட்டது தெரியாமல் ஒரே படமாக்க வேண்டும். அந்த ஒட்டு வேலை அவன் தங்கச்சியான என்னுடையது.

படத்தைப் பார்ப்பவர்கள், "அடடா, என்ன வெளிச்சம்!" என்று அண்ணன் கையைப் பிடித்துக் குலுக்குவார்கள். அந்த வெளிச்சத்தால் என் மணிக்கட்டு வீங்கிக் கிடப்பது யாருக்கும் தெரியாது. தெரிந்துதான் என்ன ஆகப்போகிறது? பேர் வேண்டும், பாராட்டு வேண்டும் என்று ஏங்குகிற வயதை எல்லாம் தாண்டியாயிற்று. ஒரு வாரம், ஒரே ஒரு வாரம், மவுஸைத் தொடாமல் தூங்கினால் போதும் என்றிருந்தது எனக்கு.

வேலை நடப்பது அண்ணன் வீட்டு மாடியறையில். திரையில் நிறம் சரியாகத் தெரிய வேண்டும் என்று ஜன்னல் முழுக்கக் கறுப்பு அட்டை ஒட்டி வைத்திருக்கிறேன். வெளியே வெயிலா மழையா என்பதே எனக்குக் கீழே இறங்கினால்தான் தெரியும். உலகத்தில் உள்ள அத்தனை விடியலையும் அந்தியையும் வெயிலே படாத ஓர் அறையில் உட்கார்ந்து செய்துகொண்டிருக்கிறேன். இதைச் சொன்னால் அண்ணி சிரிப்பாள். "உனக்காவது திரையில வெயில் அடிக்குது. எனக்கு அதுவும் இல்ல," என்பாள்.

அண்ணனுக்குத் தெருவில் முக்காலி என்று பெயர். தோளில் ட்ரைபாட் இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை. அவனுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கேமராவின் முதுகில் இருக்கும் திரையைப் பார்த்து எடுக்க மாட்டான். "அது டிவி பாக்கறவங்களுக்கு," என்பான். இடது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, வலது கண்ணைக் கேமராவின் துவாரத்தில் வைத்துப் பார்த்து எடுத்தால்தான் அவனுக்குப் படம். எடுத்ததைத் திரும்பப் பார்க்கும் வழக்கமும் கிடையாது. படம் பதிவான மெமரி கார்டைக் கழற்றி என் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விடுவான். மீதி என் பாடு.

அப்போது கடலோர விடுதி ஒன்றின் வரவேற்பறைக்குச் சுவர் அளவில் இரண்டு படங்கள் கேட்டிருந்தார்கள். ஒன்று கடல். அதை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டான். இன்னொன்று மலைமுகடு. முகட்டில் ஏறி, அந்தி சாய்கிற வரைக்கும் நின்று எடுத்துவிட்டு, இருட்டோடு இருட்டாகக் குறுகலான பாதையில் இறங்கி வரவேண்டும். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் அதலபாதாளம். வார முடிவில் தனியாகக் கிளம்புவதாக இருந்தான்.

கடல் படங்களைத் திறந்தேன். வழக்கம்போல எல்லாமே தேவைக்கு மேல் வெளிச்சம். கொஞ்ச காலமாகவே அப்படித்தான். இருட்டாக இருக்கவேண்டிய முதல் படமே வெளுத்திருக்கும். அதில் மேகத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிடும். கேட்டால், "உன் திரை கெட்டுப்போச்சு," என்பான். முணுமுணுத்துக்கொண்டே அடுக்க ஆரம்பித்தவள், இடது ஓரத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டேன். அங்கே சிவப்புச் சட்டை போட்ட ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். தூரத்தில் இல்லை, நாலு எட்டில். அவரும் ஒரு ட்ரைபாட் வைத்து, குனிந்து நிமிர்ந்து ஏதோ செய்துகொண்டிருந்தார். ஐந்து படத்திலும் இருந்தார். படத்துக்குப் படம் கொஞ்சம் நகர்ந்திருந்தார், அவ்வளவுதான்.

போன் போட்டேன். கீழே வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, கடல் படத்துல உன் பக்கத்துல நிக்கறது யாரு?"

"யாரு நிக்கறா?"

"சிவப்புச் சட்டைக்காரர் ஒருத்தர். அவரும் ட்ரைபாட் வெச்சிருக்காரு."

"உனக்கு வேற வேலை இல்லையா? அன்னிக்கு அங்க ஈ காக்கா இல்ல. நான் மட்டும்தான் நின்னேன்."

"அஞ்சு படத்துலயும் இருக்காரு அண்ணா."

"இருந்தா அழிச்சிடு. அதுக்குத்தானே நீ இருக்க," என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் பொய் சொல்லவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. நாலு எட்டில் நின்ற ஒரு முழு ஆளை அவன் நிஜமாகவே பார்க்கவில்லை.

பழைய ஃபோல்டர்களைத் திறந்தேன். ஒட்டி முடித்த படங்களை அல்ல, அவன் எடுத்தபடியே இருக்கும் மூலப் படங்களை. ஒன்றில் அவனுடைய தண்ணீர் பாட்டில். ஒன்றில் கேமரா பையின் வார். ஒன்றில் மடக்கு நாற்காலியின் கால். ஒன்றில் பாதி ஆடு. எல்லாம் இடது ஓரத்தில். வலது ஓரம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஒவ்வொன்றையும் நான் பார்த்திருக்கிறேன், அலுத்துக்கொண்டிருக்கிறேன், பக்கத்தில் இருக்கும் மணலையோ புல்லையோ எடுத்து அதன்மேல் பூசி மறைத்திருக்கிறேன். எரிச்சலில் வேலை பார்க்கிறவளுக்கு யோசிக்க எங்கே நேரம்?

இப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. சாப்பாட்டு மேஜையில் தம்ளரைத் தட்டிவிடுகிறான். நிலைப்படியில் தோளை இடித்துக்கொண்டு நிலைப்படியையே திட்டுகிறான். எதிர்வீட்டுத் தையல்காரர் வணக்கம் சொன்னால் பதில் இல்லை. விருது வாங்கியதிலிருந்து முக்காலிக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று தெருவே பேசுகிறது. நானும்தான் அப்படி நினைத்தேன். கூடப் பிறந்தவள், தெருவோடு சேர்ந்து நினைத்தேன். வெளிச்சம் குறைந்தால் இவனுக்குச் சரியாகத் தெரிவதில்லை, அதனால்தான் வெளிச்சத்தைக் கூட்டிக் கூட்டி எடுக்கிறான். ஒரு பக்கம் தெரிவதே இல்லை. இந்த ஆள்தான் வார முடிவில் இருட்டில், தனியாக, முகட்டிலிருந்து இறங்கப் போகிறான்.

மதியச் சாப்பாட்டின்போது சொன்னேன். நயமாகச் சொல்லத்தான் நினைத்தேன். எனக்கு நயம் வராது.

"அண்ணா, உனக்குக் கண்ணு சரியில்ல. டாக்டர்கிட்ட காட்டாம நீ மலைக்குப் போகக் கூடாது."

கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டுவிட்டான். "எனக்கா? ஒரு மைல் தூரத்துல போற படகோட பேரைப் படிப்பேன். என் கண்ணுல சோறு திங்கறவங்கதான் இந்த வீட்டுல எல்லாரும். படம் ஒட்டறவ, ஒட்டற வேலையைப் பாரு."

அவன் சொன்னதும் பொய்யில்லை. நடுவில் இருப்பதெல்லாம் அவனுக்குத் துல்லியமாகத் தெரிந்தது. அதுதான் கஷ்டமே.

அண்ணியைப் பார்த்தேன். அவளாவது ஒத்துப்பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பாத்திரங்களை எடுத்து அடுக்கிக்கொண்டே, "அவருக்குக் கண்ணுல ஒண்ணும் இல்ல. பாக்கணும்னு நினைச்சா எல்லாம் தெரியும்," என்றாள். அதில் இருந்த கசப்பு எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. இவர்கள் இரண்டு பேரோடும் மல்லுக்கட்ட எனக்குத் தெம்பும் இல்லை. மாடியேறிப் போய்விட்டேன்.

போய், கடல் படத்தை ஒட்டினேன். என் வாழ்நாளில் அவ்வளவு ஒழுங்காக ஒட்டியதில்லை. அலையின் நுரையிலிருந்து மேகத்தின் விளிம்பு வரைக்கும் ஒரு குறை சொல்ல முடியாது. சிவப்புச் சட்டைக்காரரை மட்டும் தொடவில்லை. அசையாத பாறையை ஐந்து படத்திலிருந்து எடுத்து ஒன்றாக்கலாம். அசைகிற மனிதரை அப்படி அடுக்கினால் ஆவிதான் கிடைக்கும். அவருக்கு இரண்டு தலை, மூன்று கை வந்திருந்தன. கால்கள் வழியாகப் பின்னால் இருந்த பாறை தெரிந்தது. வழக்கமாக முடித்த படத்தை நானே விடுதிக்கு அனுப்பிவிடுவேன், அண்ணன் பார்ப்பதில்லை. அன்றைக்கும் அனுப்பினேன். அவன் பேரைக் கெடுக்கிற வேலை என்று தெரிந்தேதான் அனுப்பினேன். பேர் போனால் போகட்டும், ஆள் வேண்டும் எனக்கு.

மறுநாள் காலையில் விடுதி மேனேஜர் அண்ணனைக் கூப்பிட்டார். மனிதர் மரியாதையாகத்தான் ஆரம்பித்திருக்கிறார். "கடல் பிரமாதம் சார். இடது பக்கம் ஒரு ஆவி நிக்குதே, அது எதுக்கு சார்? தங்க வர்றவங்க பயந்துடுவாங்களே," என்றிருக்கிறார். அண்ணன் படியேறி வந்த வேகத்தில் கதவு சுவரில் மோதித் திரும்பி வந்து அவனையே இடித்தது.

"என்ன காரியம் பண்ணி வெச்சிருக்க? மானத்தை வாங்கறதுக்குன்னே உக்காந்திருக்கியா?"

"அழிக்க மறக்கல அண்ணா. வேணும்னேதான் விட்டேன்."

"ஏன்?"

"உக்காரு, சொல்றேன்."

திரை முழுக்கப் படத்தைப் போட்டேன். நாற்காலியைத் திரைக்கு நெருக்கமாக இழுத்து அதில் அவனை உட்கார வைத்தேன். "சூரியனைப் பாரு. கேமராவுல பாக்கற மாதிரி இடது கண்ணை மூடிக்கோ. பார்வையை நகத்தாத. இப்போ அந்த ஆள் எங்க?"

பார்த்தான். "எங்க? ஒருத்தரும் இல்லையே."

"இப்போ கண்ணைத் திற."

திறந்தான். அவன் தோள் துள்ளியது. மறுபடி மூடினான். திறந்தான். மூடினான். அவன் மூடினால் அந்த ஆள் போனார், திறந்தால் வந்தார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன், அவனைத் தொடக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. எத்தனை தடவை அப்படிச் செய்தானோ தெரியாது. கடைசியில் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டான்.

"ஓரத்துல கறுப்பா எதாவது தெரிஞ்சா நான் கண்டுபிடிச்சிருப்பேனே," என்றான். "அங்கயும் கடல்தான் தெரியுது குட்டி. முழுக் கடல்." என்னைக் குட்டி என்று அவன் கூப்பிட்டு வருஷக்கணக்காகிறது.

அன்றைக்கே அண்ணியையும் கூட்டிக்கொண்டு கண் டாக்டரிடம் போனோம். அவர் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றுகொண்டு வந்திருப்பதாகச் சொன்னார். வலது கண்ணில் மூக்குப் பக்கம், அதாவது இடது ஓரத்தில், ஆரம்பித்து நிறையப் பார்வை போய்விட்டது. இடது கண்ணிலும் தொடங்கிவிட்டது, அதனால்தான் இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போதுகூட ஓரத்தில் இருப்பது தவறிப்போகிறது. போனது திரும்பாது, இருப்பதை மருந்து விட்டுக் காப்பாற்றலாம். இருட்டில் மலையேறுவதைப் பற்றிக் கேட்டபோது அவர் அண்ணனுக்குப் பதில் சொல்லவில்லை. எங்களைப் பார்த்து, "இவரைத் தனியா விடாதீங்க," என்றார்.

"ஆனா டாக்டர், எனக்கு ஒரு இடமும் காலியாத் தெரியலையே?" என்றான் அண்ணன். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"தெரியாது. இல்லாத இடத்தை மூளை சும்மா விடாது. பக்கத்துல என்ன இருக்கோ அதை எடுத்துப் பூசி நிரப்பிடும். பக்கத்துல கடல் இருந்தா கடல், சுவர் இருந்தா சுவர்."

அண்ணன் என் பக்கம் திரும்பி, "அப்போ உள்ளயும் ஒரு தங்கச்சி உக்காந்து வேலை பாத்திருக்கா," என்றான். டாக்டருக்கு விளங்கவில்லை. அண்ணி சிரித்தாள். நான் சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. நான் பூசாமல் விட்டிருந்தால் என்றோ தெரிந்திருக்கும். அண்ணி என் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

வெளியே வந்ததும் அண்ணன் விடுதி மேனேஜரைக் கூப்பிட்டு, மலைமுகட்டுக்கு வேறு யாரையாவது அனுப்பிக்கொள்ளச் சொன்னான். காரணம் சொல்லவில்லை. பிறகு வண்டிச் சாவியை அண்ணியிடம் கொடுத்துவிட்டு என்னிடம் சொன்னான்: "பழைய படமெல்லாம் நீ கை வைக்கறதுக்கு முன்னாடி எப்படி இருந்துதோ அப்படியே எடுத்து வை. இத்தனை நாளும் நான் எதையெல்லாம் பாக்கலன்னு எனக்குப் பாக்கணும்."

அதிலிருந்து காலையில் மாடிக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வான். நான் ஒவ்வொரு படமாகப் போடுவேன். அவன் முகத்தை இடது ஓரத்துக்குத் திருப்பி, மேலிருந்து கீழாகத் தேடிக்கொண்டே வருவான். "பாட்டில்," என்பான். "செருப்பு." சில சமயம் சிரிப்பான். "யாரோட ஆடு இது?" அலுக்காமல் தேடினான். எனக்குத்தான் அலுத்தது. ஆனால் எழுந்து போக மனம் வரவில்லை.

ஒரு நாள் ஏரிப் படம் ஒன்று வந்தது. வெகு நாள் முன்னால் எடுத்தது. இடது ஓரத்தில், பட்டுப்போன மரத்தடியில், ஒரு பெண் சின்னதாக நின்றுகொண்டிருந்தாள். வேடிக்கை பார்க்க வந்த யாரோ என்று நினைத்து நான் அழித்துவிட்டிருந்த உருவம். இருட்டுப் படங்களில் அவள் வெறும் நிழல், வெளிச்சப் படங்களில் முகமே வெளுத்துப் போயிருந்தது. அண்ணன் இன்னும் மேல் மூலையிலேயே தேடிக்கொண்டிருந்தான். மருந்து விட வந்த அண்ணி எங்கள் பின்னால் நின்று பார்த்தாள்.

"அது நான்," என்றாள்.

"எங்க?" என்று கேட்டான் அண்ணன்.

நான் விரலை நீட்டப் போனேன். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவனே கண்டுபிடிக்கட்டும் என்று நினைத்தாளோ என்னவோ. அவன் முகத்தை மெதுவாக இறக்கி, மரத்துக்கு வந்து, நின்றான். நான் ஐந்து படங்களையும் வரிசையாக மாற்றினேன். முதலாவதில் அவள் கையைத் தொங்கப் போட்டிருந்தாள். இரண்டாவதில் ஒரு கையைத் தூக்கியிருந்தாள். மூன்றாவதில் இரண்டு கையையும். நான்காவதில் கை இறங்கியிருந்தது. ஐந்தாவதில் முதுகைக் காட்டித் திரும்பியிருந்தாள்.

"அந்தப் பக்கம் தண்ணியில பறவை கூட்டமா வந்து இறங்கிச்சு," என்றாள் அண்ணி. "உங்களுக்குக் காட்டணும்னு கூப்பிட்டேன். காத்துல கேக்கலைன்னு கையைத் தூக்கினேன். கேமரா என் பக்கம்தான் இருந்துது. நீங்க அசையவே இல்ல. வேலைன்னு வந்துட்டா நான் உங்களுக்கு ஆளாவே தெரியலைன்னு நினைச்சுக்கிட்டேன்."

அதற்கப்புறம் அவள் அவனோடு எங்கேயும் போனதில்லை. உடம்புக்கு முடியவில்லை, வேலை கிடக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் ஏதாவது சொல்லுவாள். அண்ணனும் வற்புறுத்தியதில்லை. இத்தனை காலமாக ஒரே வீட்டில் அவள் அதை மனதில் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"நீ வண்டியில தூங்கிட்டிருந்தேன்னு நினைச்சேன்," என்றான் அண்ணன்.

அவன் திரைக்கு இன்னும் கிட்டே போய், முதுகைக் காட்டிக்கொண்டிருந்த அந்தச் சின்ன உருவத்தையே பார்த்தான்.

"இதுக்கப்புறம் இன்னொரு படம் இருக்கா குட்டி?"

"இல்லண்ணா. அஞ்சுதான்."

அவன் தலையை ஆட்டினான். அண்ணி மருந்துக் குப்பியின் மூடியைத் திருகித் திறந்தாள். "சரி, தலையைச் சாயுங்க," என்று அவன் முகவாயைப் பிடித்து மெல்ல நிமிர்த்தினாள்.